நாலு பேர் படுக்கிற வேன்

வேனின் வெறும் தகரத் தரையில் அத்தான் மல்லாந்து படுத்திருந்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, கண்களை மூடி, வயிற்றைக்கூட எக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தார். அக்கா முழங்காலில் நின்று, ஒரு சோக்கட்டியால் அவரைச் சுற்றிக் கோடு கீறிக்கொண்டிருந்தாள். மீன் வாங்கக் கீழே இறங்கி வந்த மூன்றாம் மாடி அன்ரி திறந்திருந்த கதவுக்குள்ளால் இதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன பிள்ளை நடந்தது?" என்று கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். அத்தான் கண்ணைத் திறக்காமலே, "ஒண்டுமில்லை அன்ரி, கட்டிலுக்கு அளவெடுக்கிறம்" என்றார். வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் கீழே வாகனங்கள் நிறுத்துகிற அந்த இடம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது.

பிறகு அக்கா படுத்தாள். அவளைச் சுற்றி அத்தான் கீறினார், ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோல. அவர்களுடைய மூத்த மகள், பெரியவள், படுக்க மறுத்தாள். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற வயதில் வாகனத் தரையில் படுத்து எழும்ப அவளுக்கு வெட்கம். "அம்மாவின்ர அளவையே எனக்கும் போடுங்கோ" என்று கதவடியில் நின்றே சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பி சின்னவன் மட்டும் பகிடிக்காக ஏறி, அக்காவின் கோட்டுக்கும் அத்தானின் கோட்டுக்கும் நடுவில் சுருண்டு படுத்தான். "உனக்கு இவடம் இல்லை, உனக்கு நான் வேற இடம் வச்சிருக்கிறன், பிறகு காட்டுறன்" என்றார் அத்தான் பெருமையோடு. சின்னவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு எங்க இடம்? நீங்களும் வந்து படுங்கோவன்" என்றான்.

அத்தானின் கை நின்றது. தரையில் இனி இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர் உண்மையாகவே தேடினார். முன் சீட்டைப் பார்த்தார், பின் கதவைப் பார்த்தார். "இந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளினா..." என்று தொடங்கினார். நான் குறுக்கிட்டு, "எனக்கு வாகனத்தில படுத்தா நாரி பிடிக்கும், பிறகு நிமிரேலாது அத்தான். நீங்கள் நாலு பேருக்குச் செய்யுங்கோ" என்றேன். "அப்ப நானும் வரேல்ல" என்றான் சின்னவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அத்தானும் சிரித்தார். சிரித்தபடியே விரலில் ஒட்டியிருந்த சோக்குத் தூளை உடுத்திருந்த சாரத்தில் நீண்ட நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அந்த இடத்தில் நிற்க முடியாமல், கடை திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலி வீதிப் பக்கம் நடந்தேன்.

அக்காவின் பிள்ளைகளை வளர்த்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி. அத்தான் வளைகுடாவுக்குப் போனபோது பெரியவள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள், சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அம்மா இறந்தபின் தனியாக இருந்த நான் அக்காவோடு வந்து சேர்ந்தேன். எனக்கு வேலை காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதனால் ஊசி போடக் கொண்டுபோவதும், பள்ளிக்கூடக் கூட்டங்களுக்குப் போவதும், காய்ச்சல் இரவுகளில் நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுவதும் என் வேலையாயின. கடற்கரை வீதியில் வாகனம் குறைந்த ஞாயிற்றுக் காலைகளில் இரண்டு பேருக்கும் சைக்கிள் பழக்கினேன். சின்னவன் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வாசிப்பதைக் கண்டு, அவனுக்கு முதல் கண்ணாடியை நானே அளவெடுத்துப் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்தவன், எதிர்ப்பக்கத்து மரத்தைப் பார்த்து, "மாமா, இலை தனித்தனியா இருக்குது!" என்று கத்தினான். அந்தக் கத்தலை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் எங்கோ மணல் நாட்டில் இருந்தார்.

அத்தான் இடையிடையே ஒரு மாத விடுமுறையில் வருவார். விமான நிலையத்தில் பிள்ளைகள் என் சாரத்துக்குப் பின்னால் ஒளிவார்கள். அவர் குனிந்து, கைகளை நீட்டி, சொக்லேட் டப்பாவைக் காட்டி அழைப்பார். டப்பாவை வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பி ஓடி வருவார்கள். அவர்களுக்குப் பழகிப்போகிற நேரத்தில் அவருடைய விடுமுறை முடிந்துவிடும். அவர் திரும்பிப் போன மறுநாள் வீடு பழைய நிலைக்கு வந்துவிடும். அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. வெள்ளவத்தைச் சந்தையில் பழக்காரர் ஒருவர் சின்னவனைப் பார்த்து, "அப்பாவின்ர மூக்கு அப்படியே இருக்குது" என்று என்னைக் காட்டிச் சொல்வார். நான் திருத்தியதில்லை. அந்தக் கடையில் தேவைக்கு அதிகமாகவே மாம்பழம் வாங்குவேன்.

அத்தானின் வேலையை நாங்கள் யாரும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. தச்சு வேலை என்று மட்டும் தெரியும். உண்மையில் அவர் ஒரு பட்டறையில் வீட்டு வண்டிகளுக்கு உள்வேலை செய்துகொண்டிருந்தார். அந்த நாட்டுக் குடும்பங்கள் குளிர் காலத்தில் பாலைவனத்துக்குப் போய்த் தங்குவதற்குக் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துச் செய்கிற வண்டிகள். வேலை முடிந்த வண்டியில் ஒரு நாள்கூட அவர் தங்கியதில்லை. பட்டறை மூடப்பட்டு, முழங்கால் வலியோடு அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தது, பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து கொஞ்ச நாட்களில். வந்த கிழமையே, "ஒரு பழைய வேன் வாங்கப் போறன், பிள்ளையளை ஏத்திக்கொண்டு நாடு முழுக்கச் சுத்தப் போறன்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிள்ளைகளும் என்னைத்தான் பார்த்தார்கள், இது சரிவருமா என்று கேட்பதுபோல.

வேன் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. கலியாண வீடுகளுக்கு பாண்ட் வாசிக்கிற குழு ஒன்றை நடத்திய கிழவர் ஒருவரிடம், மாதா கோயிலுக்குப் பின்புற ஒழுங்கையில், பலா மரத்தடியில் நின்றது. வட்ட விளக்குகளும் பின்பக்கத்தில் இஞ்சினும் உள்ள பழைய ஜேர்மன் வண்டி. நாங்கள் பிறக்க முதலே இந்த நாட்டுக்கு வந்தது. நானும் அத்தானோடு பார்க்கப் போனேன். கிழவர் கதவைத் தட்டிக்கொடுத்து, "இதுக்குள்ள ஒருத்தரும் அழுதுகொண்டு போனதில்லை தம்பி. எல்லாம் கலியாண வீடுதான்" என்றார். அத்தானுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இஞ்சினைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டார்.

துருவை வெட்டி எடுத்துத் தகரம் ஒட்டி, நிறம் அடிக்கிற வேலையைத் தெமட்டகொடையில் ஒரு சிங்கள கராஜ் பாஸ் செய்தார். நீலமும் வெள்ளையுமாக அது திரும்பி வந்தபோது மூன்றாம் மாடி அன்ரிகூட இறங்கி வந்து பார்த்தார். உள்வேலை முழுக்க அத்தானுடையது. பின் சீட்டை இழுத்து மடித்தால் மூன்று பேர் படுக்கிற மெத்தை. கதவடியில் இழுத்தால் வெளியே வருகிற பலகையில் காஸ் அடுப்பு. காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற சின்னத் தொட்டி. ஜன்னல்களுக்கு அக்கா தைத்த திரைச் சீலைகள். மரத்தின் விளிம்பு ஒவ்வொன்றையும் அத்தான் மணற்கடதாசியால் தேய்த்துத் தேய்த்து உருட்டினார். "பிள்ளையளின்ர முழங்கால் அடிபடும்" என்பார். அந்தப் பிள்ளைகளில் சின்னவன்கூட அப்போது அவருடைய தோளுயரத்துக்கு வந்துவிட்டிருந்தான்.

வேலை நடந்த மாதங்களில் அவர் ஒவ்வொரு பின்னேரமும் சின்னவனை உதவிக்குக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் நின்றால் அவன் வருவான், நான் மேலே போனால் அவனும் வந்துவிடுவான். ஆகவே நான் கடையில் பிந்தி நிற்கத் தொடங்கினேன். வேலையில்லாவிட்டாலும் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் சின்னவன் கடைக்கே வந்துவிட்டான். கண் சோதிக்கிற கதிரையில் ஏறி இருந்து, "நீங்க ஏன் இப்ப வீட்டை வாறேல்ல?" என்று கேட்டான்.

"வேலை கூடிப்போச்சு."

"பொய். கடையில ஒருத்தரும் இல்ல."

"நீ போய் அப்பாக்கு உதவி செய்யன்."

"அவர் என்னோட கதைக்கிறதே இல்ல மாமா. 'தம்பி டோர்ச்சைப் பிடி, தம்பி அதை எடு.' அவ்வளவுதான். பிறகு சும்மா என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அவர் எண்டு சொல்லாத. அப்பா எண்டு சொல்லு."

"சரி, அப்பா" என்றான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற குரல். அவன் முகத்தையே அத்தான் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். காணாத வருடங்களை அவர் அந்த முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். அவை என்னிடம் இருந்தன. கொடுக்க வழி தெரியவில்லை.

வேலை முடிகிற கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவனுக்கென்று வைத்திருப்பதாகச் சொன்ன இடத்தை அவர் காட்டினார். அறையிலிருந்து துணியில் சுற்றிய நீளமான கட்டொன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தார். இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றுக்கு நடுவே இரட்டைத் தையல் போட்ட தடித்த கன்வஸ் துணி. முன் சீட்டுகளுக்கு மேலே, கதவிலிருந்து கதவு வரைக்கும் குறுக்காக அதைக் கொளுவினார். அந்தரத்தில் ஒரு சின்னக் கட்டில். "ஏறிப் பார்" என்றார். சின்னவன் ஏறினான். தலை ஒரு கதவில் முட்டியது. மற்றக் கதவின் திறந்த கண்ணாடிக்கு வெளியே அவனுடைய கால்கள் இரண்டும் நீண்டுகொண்டு நின்றன. பெரியவள் வெடித்துச் சிரித்தாள். அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். சின்னவன் வெளியே நீண்ட காலை வேண்டுமென்றே ஆட்டிக் காட்டினான்.

அத்தானும் சிரித்தார். பிறகு துணியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அங்க இருக்கேக்க செய்தது. பட்டறையில மிஞ்சின துணி. இவனுக்கு அப்ப ஏழு வயசு. என்னட்ட இருந்த அளவு அதுதான்." யாருக்கும் சொல்லவில்லை அவர் அதை, துணிக்குத்தான் சொன்னார். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. சின்னவன் மெதுவாக இறங்கி, "பரவாயில்லை, காலை மடிச்சுப் படுக்கலாம்" என்றான். அவன் தகப்பனுக்காகச் சொன்ன முதல் நல்ல பொய் அது என்று நினைக்கிறேன்.

முதல் பயணம் கற்பிட்டிக்கு. நான் வராவிட்டால் தாங்களும் போவதில்லை என்று பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். கடையில் லீவு இல்லை என்று நான் சாதித்தேன். முதலாளி நல்ல மனிதர், கேட்டிருந்தால் ஒரு கிழமையே தந்திருப்பார். மத்தியானம் தாண்டி வேன் புறப்பட்டபோது பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அத்தான் மட்டும் புதுச் சட்டை போட்டு, கலியாண மாப்பிள்ளைபோல ஸ்டியரிங்கில் நிமிர்ந்து இருந்தார்.

அன்று அந்திப்பட பெரியவளின் அழைப்பு வந்தது. "மாமா, வேன் நிண்டுட்டுது."

"எவடத்த?"

"சிலாபம் தாண்டி. ரெண்டு பக்கமும் தென்னந்தோட்டம். கிட்ட ஒரு கடைகூட இல்ல. அப்பா கீழ படுத்துக் கிடக்கிறார், ஒண்டும் சொல்றாரில்ல. அம்மா பயந்துபோய் இருக்கிறா. நீங்க ஒரு வாகனம் பிடிச்சுக்கொண்டு வாங்கோ மாமா."

"வாறன். பயப்பிடாத, இப்ப வெளிக்கிடுறன்" என்றேன்.

பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கார் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தோம். வாகன நெரிசல். நான் பெரியவளுக்கு எடுத்து, வந்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பின்னாலே அத்தானின் குரல்: "ஆரோட கதைக்கிறாய்?" அவள் போனை விலக்கி, "மாமா வாறார்" என்றாள். குறடு ஒன்று தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தான், "அப்ப சரி" என்றார்.

அந்த இரண்டு சொற்களை எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. கையிலிருந்த குறட்டைத் தரையில் வைத்துவிட்டு, வேனில் சாய்ந்து உட்கார்ந்துவிட்ட ஒரு மனிதனின் குரல். விமான நிலையத்தில், டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தபடி குனிந்த முதுகை நிமிர்த்தியபோதும் அவர் இப்படித்தான் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பிள்ளைகள் ஓடி வந்து என் காரில் ஏறுவார்கள். அக்காவும் ஏறுவாள். அத்தான் வேனுக்குக் காவலாகத் தங்கிவிடுவார். அதன் பிறகு அந்த வேன் ஒருநாளும் எங்கும் போகாது.

"நானா, திருப்புங்கோ" என்றேன்.

"என்ன தம்பி சொல்றீங்க? புள்ளைகள் ரோட்டுல இரிக்கக்குள்ள திருப்பச் சொல்றீங்களா?"

"தகப்பன் நிக்கிறார் நானா."

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் திருப்பினார். நான் பெரியவளுக்கு மறுபடி எடுத்தேன். "நான் வரேல்ல பிள்ளை. அப்பாட்டக் கேள், அவர் ஏதாவது செய்வார்" என்றேன். பிறகு, "நீங்க வாறன் எண்டு சொன்னீங்க" என்றாள். போன் அணைந்தது. அதற்குப் பிறகு நான் எடுத்த அழைப்புகளுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவுமில்லை, படுக்கவுமில்லை. அந்தத் தெருவில் அவர்களுக்கு ஏதாவது நடந்தால் பழி என் தலையில் என்று நினைத்தேன். நடக்காவிட்டாலும் என் தலையில்தான் என்றும் தெரிந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் பிறகு அக்காவும் சின்னவனும் சொல்லித்தான் அறிந்தேன். நான் வரவில்லை என்று பெரியவள் போய்ச் சொன்னதும் அத்தான் கொஞ்ச நேரம் தெருவோரத்தில் குந்தியிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாராம். பிறகு எழும்பி, "அந்தத் திரைச் சீலைக் கயிறுகளைக் கழட்டுங்கோ" என்றாராம். அறுந்திருந்தது எக்ஸிலேட்டர் கம்பி. மிதித்தால் பின்னாலிருக்கிற இஞ்சினுக்குப் பெட்ரோலை விடச் சொல்கிற கம்பி. அதற்குப் பதிலாகக் கயிறுகளை முடிந்து, ஒரு நுனியை இஞ்சினில் கட்டி, மறு நுனியைப் பின் ஜன்னலுக்குள்ளால் எடுத்துச் சின்னவனின் கையில் கொடுத்தார். "நான் சொல்லேக்க இழு, நிப்பாட்டச் சொன்னா விடு." பழைய இஞ்சினின் இரைச்சலில் அவர் சொல்வது பின்னால் கேட்கவில்லை. ஆகவே பெரியவள் நடுவில் முழங்காலில் நின்று, தகப்பன் சொன்னதை வாங்கித் தம்பிக்குக் கத்தினாள். "இழு! இன்னும் கொஞ்சம்! விடு, விடு, மாடு நிக்குது!" அப்படி மூன்று பேராக அந்த வேனை ஓட்டிக்கொண்டு, முதல் வெளிச்சம் தெரிந்த தோட்டக்காரர் வீட்டு முற்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். சிங்களத்தில் கேட்டு, அங்கே தங்க இடம் வாங்கினார் அத்தான். அந்த வீட்டு அம்மா கிழங்கு அவித்துக் கொடுத்தாளாம்.

அந்தரக் கட்டிலில் சின்னவனால் படுக்க முடியவில்லை. தகப்பனும் மகனும் வெளியே பாய் விரித்துப் படுத்தார்கள். "அப்பா நிறையக் கதைச்சவர் மாமா" என்றான் சின்னவன். ஒவ்வொரு வண்டியும் முடிகிற அன்று, கட்டில் கிறீச்சிடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் அதில் படுத்துப் பார்ப்பாராம். அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வாராம். "ஒரு வண்டி விடாம நினைச்சவராம்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் 'அவர்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்காகத்தான் காரைத் திருப்பினேன். அது கிடைத்த அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதையோ பறிகொடுத்தவன்போல நின்றேன். அப்படி நின்றதற்காகவும் வெட்கப்பட்டேன்.

அதன் பிறகு அவர்கள் நிறையப் பயணம் போனார்கள். வேனின் சத்தம் பற்றி அடுக்குமாடியில் முறைப்பாடு எழ, முற்றமும் வளவும் உள்ள வீடு தேடி ஹெந்தளைக்குக் குடிபோனார்கள். அத்தான் இப்போது அங்கே வேறு ஆட்களின் வேன்களுக்கும் உள்வேலை செய்து கொடுக்கிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சின்னவன் அவரோடு கிரீஸ் கையோடு நிற்கிறான். நான் வெள்ளவத்தையிலேயே இருந்துவிட்டேன். போகிற ஞாயிறுகளில் சாப்பாடு, சிரிப்பு, எல்லாம் உண்டு. பெரியவள் மட்டும் மாறிவிட்டாள். சண்டை பிடிக்கவில்லை. "வாங்கோ மாமா, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பாள். என் கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போகிற பிள்ளை, என்னை வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் நடத்தினாள்.

போன மாதம் அத்தான் தனியாக வேனில் வெள்ளவத்தைக்கு வந்தார். கடை மூடுகிற நேரம் வாசலில் நின்று, "வாரும், ஒரு சுத்துப் போவம்" என்றார். கடற்கரை வீதியில் ஒரு ஓரமாக நிறுத்தினார். ரயில் ஒன்று தெகிவளைப் பக்கம் போய் மறைந்தபின் தொடங்கினார்.

"கிருலப்பனையில உமக்கு ஒரு ரீச்சரைக் கலியாணம் பேசினவையாம். அக்கா இப்பதான் சொன்னவ. பிள்ளையளை விட்டுட்டு எப்பிடிப் போறது எண்டு நீர் மறுத்ததாம்."

"அது பழைய கதை அத்தான்."

"உமக்குப் பழைய கதை. நான் இப்பதானே கேட்டனான்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உம்மட வயசை நான் சாப்பிட்டுட்டன். அங்க இருந்துகொண்டு, மச்சான் பார்த்துக்கொள்ளுவான், மச்சான் பார்த்துக்கொள்ளுவான் எண்டு நிம்மதியா நித்திரை கொண்டனான். உமக்கும் ஒரு வீடு வேணும் எண்டு ஒருக்காக்கூட நினைக்கேல்ல."

எத்தனையோ வருடமாக நான் சொல்ல நினைத்ததை அவர் முந்திக்கொண்டு வேறு விதமாகச் சொன்னதுபோல் இருந்தது. "நான்தான் அத்தான் உங்கட பிள்ளையளை எடுத்துப் போட்டன்" என்றேன். சந்தைப் பழக்காரரின் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஓம், அது எனக்கு நொந்ததுதான்" என்றார். "நீர் வளத்ததுக்கு நான் நன்றி சொல்லவும் வேணும், அது எனக்கு நோகவும் செய்யுது. ரெண்டும் கிடந்திட்டுப் போகட்டும்." பிறகு வேனைத் திருப்பும்போது, "என்னை விடும். பெரியவளோட கதையும். அவள் அண்டைக்குத் தொடக்கம் ஒரு மாதிரி" என்றார்.

அடுத்த ஞாயிறு ஹெந்தளைக்குப் போனேன். அத்தானும் சின்னவனும் வளவில் யாருடைய வேனையோ கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். பெரியவள் கதவைத் திறந்து, "வாங்கோ மாமா, இருங்கோ" என்றாள். நான் இருக்கவில்லை. குசினி வரைக்கும் அவள் பின்னாலேயே போனேன்.

"அண்டைக்கு நான் ஏன் திரும்பினனான் எண்டு உனக்குச் சொல்லவேணும்."

"தெரியும் மாமா." கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க வந்திருந்தா அப்பா பேசாம இருந்திருப்பார். நாங்களும் உங்களோட வந்திருப்பம். தம்பி கயிறு இழுத்துக்கொண்டு போகேக்கயே எனக்கு விளங்கிட்டுது."

"அப்ப ஏன் பிள்ளை இவ்வளவு காலமா..."

அவள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இருக்கிற கண்கள்.

"அதெல்லாம் அப்பாக்கும் தம்பிக்கும். நான் உங்களைக் கூப்பிட்டனான் மாமா. எனக்குப் பயமா இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. நீங்க வாறன் எண்டு சொன்னோடன எனக்குப் பயம் போயிட்டுது. பிறகு நீங்க வரேல்ல எண்டு சொன்னீங்க." அடுப்பைக் கூட்டினாள். "நீங்க செய்தது சரிதான். நான் அதைப் பிழை எண்டு சொல்லேல்ல. எண்டாலும் நீங்க வந்திருக்கலாம்."

சொல்ல வேண்டிய நியாயங்கள் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவள் முகத்தைப் பார்த்தபின் அவற்றை விட்டுவிட்டேன்.

"ஓம்" என்றேன்.

தண்ணீர் கொதித்தது. ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். முன்னறைக்குக் கொண்டுபோய் மரியாதையாக வைப்பாள் என்று நினைத்தேன். ஆனால் குசினியின் மர வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். கோப்பையை எனக்கு நீட்டினாள். நான் குடித்து முடியும்வரை எழும்பிப் போகவில்லை.